தனக்குத் தானே வாங்கிய அங்கி

கசாக்கியர்கள் விருந்தாளிக்கு மரியாதையாகப் போர்த்தும் அங்கி ஷப்பான். அதை அல்மாட்டி சந்தையில் மில் முதலாளி தண்டபாணி தனக்குத் தானே வாங்கிக்கொண்டார்.

"எனக்குப் போர்த்தி மரியாதை பண்ணினாங்கன்னு ஊருல சொல்லோணும். இல்லீன்னா வேற வேலை பாத்துக்க" என்றார், கூட வந்த சமையல்காரன் மாரப்பனிடம். மாரப்பன் கூசிப்போனான்.

ஊர் விருந்தில் முதலாளி அங்கியோடு நின்றார். "யார் போர்த்துனாங்க? சொல்லு மாரப்பா."

"ஒரு அம்மா தன் கையாலயே மூணு தடவை போர்த்துனாங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். "அதென்னப்பா மூணு தடவை?" என்றார் முதலாளியின் மாமனார்.

மாரப்பன் தலைகுனிந்தான். "கடையில மொத ரெண்டும் ஐயா வயித்துக்குப் பத்தலீங்க."

மாமனார் மெதுவாகச் சொன்னார்: "இவனை வேலையை விட்டு அனுப்பிடாதீங்க, மாப்பிள்ளை."

"சரிங்க மாமா" என்ற முதலாளி, அங்கியைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.