ஈரச் சாக்கு

“பிள்ளைகளுக்குப் பந்து நிக்க மாட்டேங்குது டீச்சர்” என்றார் அய்யாத்துரை.

“நிக்கலைன்னா?”

“அடிச்சா மட்டையில பட்டுத் தெறிச்சு ஓடுது. எத்தனை தடவை சொல்லிக் குடுத்தாலும் தெறிக்குது.”

ரூபாவதி டீச்சர் நிமிரவில்லை. மைதானத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சரளை மண் மைதானம் அது. ஹாக்கி மட்டையைக் கையில் எடுக்குமுன் எல்லோரும் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். டீச்சருக்கும் விதிவிலக்கில்லை. அய்யாத்துரை மட்டும் பொறுக்குவதில்லை. முட்டி வலி என்பார்.

“குனிங்க அண்ணாச்சி. இந்தப் பக்கம் நிறையக் கிடக்கு.”

அவர் குனியவில்லை. முட்டி வலி பாதி, வீம்பு பாதி.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. டீச்சருக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்தக் காலத்தில் அவர் மில் அணிக்கு ஆடியவர். கோலுக்கு முன்னால் நிற்கும் ‘பேக்’. வருகிற பந்தை வந்த வேகத்திலேயே அடித்து எதிர்க்கோடிக்குத் துரத்துவதுதான் பேக்கின் வேலை. ‘அய்யாத்துரைகிட்ட பந்து தங்காது’ என்று ஊரே மெச்சியது. மனிதர் இன்றைக்கும் அந்த மெச்சலில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மில்லை மூடினார்கள். மனைவி போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது.

அப்போதுதான் அவர் டீச்சரிடம் வந்து, “சின்னப் பிள்ளைகளை நான் பாத்துக்கிடுறேன். சும்மாதான இருக்கேன்” என்றார். சும்மா இருப்பது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று அவர் சொல்லவில்லை. டீச்சரும் கேட்கவில்லை. மைதானத்தில் ஒரு பாதியைக் கொடுத்தார்.

முதலில் அவருடைய வரிசை நீளமாகத்தான் இருந்தது. போகப் போக ஒவ்வொரு பிள்ளையாக நழுவி டீச்சரின் பாதிக்குப் போய்விட்டது. இப்போது மிஞ்சியது ஐந்தாறு பேர்.

“இதுகளும் போயிட்டா சாயங்காலம் நான் எங்க போவேன் டீச்சர்?”

கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்றிருந்தது அவருக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டீச்சர் கையிலிருந்த கல்லைக் கோட்டுக்கு வெளியே எறிந்தார்.

“கோல் பலகையில ஒரு அடி அடிங்க.”

அடித்தார். பலகை அதிர்ந்தது. பந்து போன வேகத்திலேயே திரும்பி வந்து, அவர் காலைத் தாண்டி ஓடியது.

டீச்சர் பந்துகள் கொண்டுவந்த கோணிச் சாக்கை எடுத்தார். தூசி அடங்கத் தெளிக்கும் தண்ணீர் வாளியில் அதை முக்கினார். சொட்டச் சொட்டக் கொண்டுபோய்க் கோல் கம்பத்தின் குறுக்குக் கம்பியில், தரையைத் தொடும்படி கயிறு கட்டித் தொங்கவிட்டார்.

“இப்ப அடிங்க.”

அடித்தார். சாக்கு கொஞ்சம் பின்வாங்கியது. பந்து அதன் காலடியில் விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. சத்தமே இல்லை.

“புரியுதா அண்ணாச்சி?”

“கையை இறுக்கக் கூடாது. பந்து வரும்போது மட்டையக் கொஞ்சம் விட்டுக்குடுக்கணும். இது எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சாச் சரி.”

டீச்சர் சாக்கைப் பிழிந்துகொண்டு போய்விட்டார்.

*

மறுநாள் அய்யாத்துரை பாடத்தைத் தொடங்கினார்.

“கையை லேசா வை! லேசா! ஏலே, லேசான்னா தெரியாதா?”

அவர் போட்ட கூச்சல் ரோட்டோர டீக்கடை வரைக்கும் கேட்டது. கூச்சல் கேட்கக் கேட்கப் பிள்ளைகளின் பிடி இறுகியது. பந்து முன்னைவிட நன்றாகத் தெறித்தது.

முத்துக்கனி என்று ஒரு சிறுமி. தெறித்தோடிய பந்தை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க அவர் முன்னால் வந்து நின்றாள்.

“தாத்தா, எங்க ஆடு குட்டி போட்டுருக்கு.”

“சரி சரி. வரிசையில போய் நில்லு.”

அவள் போய் நின்றாள்.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது டீச்சரிடம் அவள் மெல்லக் கேட்டாள். “நாளைக்கு நான் இந்தப் பக்கம் வரட்டா டீச்சர்?”

மெல்லக் கேட்டதுதான். ஆனாலும் அய்யாத்துரைக்குக் கேட்டுவிட்டது. மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறக்கும்போதே மகள் போன் செய்தாள்.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“இனிமேதான்.”

“முட்டி வலி?”

“கிடக்கு.”

“இங்க நேத்துலருந்து நல்ல மழைப்பா.”

“அப்படியா. சரி, வச்சிரட்டுமா?”

“ம். வச்சிருங்க.”

வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைக்க வேண்டும் என்று அவருக்கு ஒன்றும் ஆசையில்லை. எப்போதும் அப்படித்தான் வைப்பார். அன்றைக்கு வீடு தாங்க முடியாத அளவுக்கு அமைதியாக இருந்தது.

*

“சாக்கு பலிக்கலை டீச்சர்.”

“யாருக்கு?”

“பிள்ளைகளுக்குத்தான்.”

“பிள்ளைகளுக்குன்னா நான் சாக்கைக் கட்டினேன்?”

அவர் விழித்தார்.

“இன்னைக்குப் பிள்ளைக அடிக்கட்டும். நீங்க நிறுத்துங்க.”

அய்யாத்துரை சிரித்தே விட்டார். மாநிலத்தில் பேர் வாங்கின ஆட்களின் அடியெல்லாம் பார்த்தவர் அவர். இந்தப் பொடியன்களின் பந்து வழியில் ஒரு தரம் தூங்கி எழுந்துதான் வந்து சேரும்.

முதல் பந்து வந்தது. பளார் என்று அடித்தார். அது மைதானத்தைத் தாண்டி முள்ளுச்செடிக்குள் போனது.

“அடிக்கச் சொல்லலை அண்ணாச்சி. நிறுத்தச் சொன்னேன்.”

அடுத்த பந்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையை அசையாமல் பிடித்தார். பட்டுத் தெறித்தது. அதற்கடுத்தது எகிறி வந்து அவர் முழங்காலையே பதம் பார்த்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இத்தனை வருஷத்தில் ஒரு பந்தைக்கூடத் தான் நிறுத்தியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“என்கிட்ட நிக்க மாட்டேங்குது டீச்சர்.”

இந்த முறை அவர் குரல் டீச்சருக்கே சரியாகக் கேட்கவில்லை.

டீச்சரின் பாதியிலிருந்து முத்துக்கனி ஓடி வந்தாள்.

“கீழ பிடிச்சிருக்கீங்கள்ல, அந்தக் கையத் தாங்க தாத்தா.”

மட்டையில் இறுகிக் கிடந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, லேசாக்கி, மறுபடி வைத்தாள். அந்தக் கையை ஒருவர் தொட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது. அவர் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

அவள் திரும்பி ஓடி, எதிரில் நின்று பந்தைத் தள்ளினாள்.

பந்து வந்தது. மட்டை அதோடு கொஞ்சம் பின்வாங்கியது.

பந்து அவர் காலடியில் நின்றது.

“நின்னுருச்சு!” என்று முத்துக்கனி குதித்தாள்.

அய்யாத்துரை பந்தைப் பார்த்தார். பழக்கதோஷம், மட்டை தானாக மேலே போனது.

“அடிக்காதீங்க” என்றார் டீச்சர்.

“பிறகு என்னதான் செய்ய?”

“கொஞ்ச நேரம் வச்சிருங்க.”

அவர் வைத்திருந்தார். மட்டை மெதுவாகக் கீழே இறங்கியது. பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துக்கனி அந்தப் பாதிக்குத் திரும்பிப் போகவில்லை.

*

அன்றைக்கு ராத்திரி மகள் போன் செய்தாள்.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“இனிமேதான்.”

“முட்டி வலி?”

“கிடக்கு.”

“இங்க மழை இன்னும் விடலைப்பா.”

‘சரி, வச்சிரட்டுமா’ என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அய்யாத்துரை போனைப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் தளர்த்தினார்.

“குடை எடுத்துட்டுப் போறியா? இல்ல, நனைஞ்சுக்கிட்டுத்தான் வேலைக்குப் போய் வாறியா?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“ஹலோ” என்றார்.

“அப்பா” என்றாள் மகள். “உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?”