ஓடக்காரனுக்கு நின்ற பிணை

வேலங்குடிச் சீமையைப் பூதலராயர் ஆண்ட காலம். விசாரணைக்காகச் சிறையில் கிடப்பவன் அதுவரை வெளியே இருக்க வேண்டுமென்றால் வேறொருவர் அவனுக்குப் பிணை நிற்க வேண்டும். பிணை ஓலையில் மூன்றே வரிகள். ஒன்று, குறித்த நாளில் ஆள் சபையில் நிற்க வேண்டும். இரண்டு, நிற்காவிட்டால் அவனுடைய தண்டனையைப் பிணை நின்றவர் அனுபவிக்க வேண்டும். மூன்று, ஆள் இடையில் செத்துப்போனால், பிணை நின்றவர் பங்காளியைப் போல மொட்டை போட்டு, ஈர வேட்டியோடு சபைக்கு வந்து சொல்ல வேண்டும். அத்தோடு அவருக்கு விடுதலை.

அந்த வருஷம் தளவாய் வீரபாகுவின் குதிரை ஆற்றோடு போய்விட்டது. வெள்ளம் வருகிறது, இப்போது வேண்டாம் என்று ஓடக்காரன் இருளப்பன் படித்துப் படித்துச் சொன்னான். கேளாமல் குதிரையை ஓடத்தில் ஏற்றியவர் தளவாய்தான். ஆனால் தளவாய் மேல் யார் வழக்குப் போடுவது? ஆற்றின் மேலும் போட முடியாது. மிச்சம் இருந்தவன் இருளப்பன். நிரூபணமானால் ஏழு வருஷம் கல்லுடைப்பு.

அவன் மனைவி காத்தாயி நிறைமாத வயிற்றோடு பிணைக்கு ஆள் தேடினாள். ஊர்த் தலைவருக்கு அன்றைக்கென்று முழங்கால் வலி. தாய்மாமனுக்குத் தன் கையெழுத்து அழகாக இல்லையென்று வருத்தம். அண்ணனுக்குத் திடீரென்று பழைய வேண்டுதல் ஒன்று நினைவு வந்து, யாத்திரை கிளம்பிவிட்டான். கடைசியில் அரசவை விகடப் புலவர் அம்பலவாணர் கையெழுத்துப் போட்டார்.

"என்ன ஓய், ஓடக்காரனுக்கா நின்றீர்?" என்றார் அரண்மனைக் கணக்கர். "அக்கரைக்குப் போவதுதானே அவன் தொழில்?"

"திரும்பி வருவதும் அவன் தொழில்தான்" என்றார் அம்பலவாணர்.

விசாரணைக்கு ஐந்து நாள் இருக்கும்போது இருளப்பனைக் காணவில்லை.

அம்பலவாணர் பத்து ஊர் அலைந்தார். செருப்பு தேய்ந்ததுதான் கண்ட பலன். காத்தாயி அழக்கூட இல்லை.

"எம் புருஷன் ஓடிப்போற ஆளில்ல சாமி. ஓடம் கரையிலதான் கெடக்கு."

"அதுதான் தாயி எனக்கும் இடிக்கிறது. ஓடிப்போக நினைக்கிற ஓடக்காரன் ஓடத்தை விட்டுவிட்டா போவான்?"

திரும்பும் வழியில் தளவாய் எதிர்ப்பட்டார். சபையில் அம்பலவாணர் செய்யும் கேலியில் பலகாலம் வெந்தவர். "கல்லுடைக்கச் சின்னச் சுத்தியல்தான் நல்லதாம், புலவரே. கை அவ்வளவாக வலிக்காது" என்றார். முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. அம்பலவாணர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

விசாரணை நாள். சபை கூடியது. அம்பலவாணர் வந்தார். தலை மழமழவென்று மொட்டை. வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன கோலம் இது?" என்றார் அரசர்.

"இருளப்பன் போய்விட்டான், மகாராஜா. ஆற்றோடு போயிருக்க வேண்டும். மூன்றாம் வரிப்படி வந்திருக்கிறேன். உத்தரவு கொடுத்தால் வீட்டுக்குப் போய் வேட்டி மாற்றுவேன். தும்மல் வருகிறது."

அரசர் ஓலையைப் பார்த்தார். "வழக்கம் அப்படித்தான் இருக்கிறது. சரி, அம்பலவாணர் போகலாம்."

தளவாய் துள்ளி எழுந்தார். "பொய், பிரபு. செத்தான் என்றால் உடல் எங்கே?"

"ஆறு திருப்பித் தரவில்லை" என்றார் அம்பலவாணர். "உங்கள் குதிரையையும்தான் தரவில்லை. அது செத்தது என்று நீங்கள் சொன்னபோது நாங்கள் நம்பவில்லையா?"

"அவன் பெண்டாட்டி கழுத்தில் தாலி இருக்கிறதே?"

"அவள் பிரியத்தில் நம்ப மறுக்கிறாள். நான் கையெழுத்துப் போட்டவன். நம்பினால்தானே எனக்கு நல்லது?"

அரசருக்குப் பசி நேரம். "தளவாய், அவன் உயிரோடிருப்பதற்கு அத்தாட்சி உண்டா? இல்லையென்றால் உட்காரும்."

ஏழு வருஷக் கல்லுடைப்பு ஈர வேட்டியோடு வாசலைத் தாண்டிப் போவதைத் தளவாய் பார்த்தார். தாங்கவில்லை.

"அத்தாட்சி என்ன பிரபு, ஆளையே காட்டுகிறேன். அரை நாழிகை கொடுங்கள்."

அரை நாழிகைகூட ஆகவில்லை. தளவாயின் ஆட்கள் இருளப்பனைப் பிடித்துவந்து நிறுத்தினார்கள். தலையெல்லாம் வைக்கோல்.

"பாருங்கள், பிரபு. செத்தவன் நடந்து வருகிறான்" என்றார் தளவாய்.

அம்பலவாணர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். "முதல் வரி, மகாராஜா. குறித்த நாளில் ஆள் சபையில் நிற்க வேண்டும். நிற்கிறான். பத்து ஊர் அலைந்து நான் செய்ய முடியாததைத் தளவாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்துவிட்டார். நான் பெயருக்குத்தான் பிணை. பொறுப்பெல்லாம் அவருடையது."

அரசர் மெதுவாகத் தளவாய் பக்கம் திரும்பினார். "எங்கே கிடைத்தான், அவ்வளவு சீக்கிரம்?"

தளவாய் வாய் திறப்பதற்குள் இருளப்பன் திறந்தான்.

"இவுக லாயத்துலதான் கட்டிப்போட்டிருந்தாக சாமி. குதிரை நின்ன எடம் சும்மாதானே கெடக்குன்னு சொன்னாக." பிறகு குதிரை செத்த கதையையும் முழுசாகச் சொன்னான்.

இருளப்பனுக்கு விடுதலை. தளவாயைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அம்பலவாணர் நழுவப் பார்த்தார்.

"நில்லும்" என்றார் அரசர். "உயிரோடு இருப்பவனைச் செத்தான் என்று என் சபையில் சொன்னீர். அதற்கு ஒரு மாதம் சிறை உண்டு. விசாரணை அடுத்த வாரம். யாராவது பிணை நின்றால் இப்போது வீட்டுக்குப் போகலாம்."

சபை முழுவதும் அண்ணாந்து விதானத்துச் சித்திரங்களை ரசிக்கத் தொடங்கியது. இருளப்பன் ஓர் அடி முன்னால் வைத்தான். அரை அடி பின்னால் வைத்தான்.

"நான் நிக்கிறேன் சாமி. வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

"கேட்டுவிட்டு வா அப்பா" என்றார் அம்பலவாணர். "நானும் அன்றைக்கு வீட்டில் கேட்டிருந்தால் நீ இன்னும் உள்ளேதான் இருந்திருப்பாய்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒருவரும் வேண்டாம். இவருக்கு நானே பிணை. கொண்டா ஓலையை."

கணக்கர் புது ஓலையும் எழுத்தாணியும் நீட்டினார். அரசர் முதல் வரியைப் படித்தார். இரண்டாம் வரியைப் படித்தார். எழுத்தாணியைக் கீழே வைத்தார். அம்பலவாணரை மேலும் கீழும் பார்த்தார்.

"தண்டனையையே ரத்து செய்துவிடலாம்" என்றார். "அதுதான் எனக்குப் பத்திரம்."