சுமையில்லாத காதம்

சித்திரை மாதம் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. காற்று அடியோடு நின்றிருந்தது. சுனைகள் வற்றி, அவற்றின் அடிச்சேறும் வெயிலில் வெடித்துக் கிடந்தது. அன்று ஒரு காட்டில், இலுப்பை மரத்தின் நிழலில் நின்ற கழுதை ஒன்று அஞ்சி நடுங்கிக்கொண்டிருந்தது.

குழந்தைகளே, அதை அச்சுறுத்தியது புலியன்று; பசி. அக்காட்டில் கழுதையும் எருதும் கூலிக்குச் சுமை தூக்கிப் பிழைத்தன. ஒரு காதத் தொலைவு சுமந்தால் இரண்டு படி கொள்ளு என்பது வழக்கமான கூலி. கோடை முற்றியதும் புல் கருகியது. சுமை கொடுப்பாரும் இல்லை. கழுதையின் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் என்னும்படி அது மெலிந்திருந்தது.

அப்பொழுது தரகு பேசும் நரி அங்கே வந்தது. அது நேரே, அதே நிழலில் படுத்திருந்த எருதிடம் சென்றது.

"எருதண்ணே, நல்ல செய்தி! மலைமேல் வாழும் குரங்குகளுக்கு உப்புக்கட்டிகள் வேண்டுமாம். ஆறு காதம். போக்குக்குக் காதத்திற்கு ஒரு படி."

"போக்குக்கு ஒரு படி, சரி. வரத்துக்கு?"

"வெறும் முதுகோடு திரும்புவதற்கும் கூலியா? நன்றாயிருக்கிறதே! தூங்குவதற்கும் சேர்த்துக் கேளும்!"

"கேட்டாலும் கேட்பேன், தரகரே. ஒரு காதம் நடந்தால் அரைப்படி கொள்ளு என் வயிற்றுக்கு வேண்டும். போகும்போது மூன்று படி, வரும்போது மூன்று படி. உம்முடைய ஆறு படியும் அதற்கே சரியாய்ப் போகும். எனக்குக் கட்டுப்படியாகாது."

இவ்வாறு கூறிவிட்டு எருது கண்களை மூடிக்கொண்டது.

நரி கழுதையின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தியது. "தம்பி, அடுத்த காட்டில் அரைப்படிக்கும் ஆள் இருக்கிறது. இன்று நீ மறுத்தால், இனி எவரும் உன்னைக் கூப்பிட மாட்டார். நான் வரட்டுமா?"

கழுதை ஓரடி முன்னால் வந்தது. "நில்லும், நில்லும்! வழியில் கழுதைப்புலியின் பள்ளத்தாக்கு இருக்கிறதே?"

"கையில் கல்லோடு குரங்குக் கூட்டமே காவல் வரும். அஞ்சாதே!"

"அப்படியானால் நான் வருகிறேன்."

எருது ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "அடேய், வரத்துக் கூலியைப் பற்றிக் கேட்டாயா?"

"திரும்பும்போது பட்டினி கிடப்பேன். மூன்று படி மிஞ்சும். உனக்குப் பொறாமை!"

முதல் மூன்று படியை நரி அங்கேயே அளந்தது. அதை வழியில் தின்றுகொண்டே, குரங்குகள் சூழ்ந்துவர, கழுதை உப்பைச் சுமந்து நடந்தது. பள்ளத்தாக்கின் உள்ளே, பாறைகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பைப் போன்ற ஓர் ஒலி எழுந்தது. கழுதை நின்றுவிட்டது. குரங்குகள் கூச்சலிட்டுக் கற்களை மழைபோல் வீசின. ஒலி அடங்கியது.

மலைமேல் உப்பை இறக்கினார்கள். மீதி மூன்று படிக் கொள்ளைக் கோணியில் கட்டிக் கழுதையின் பின்பக்கத்தில் தொங்கவிட்டார்கள்.

"புறப்படலாமா? காவலர்கள் எங்கே?" என்று கழுதை கேட்டது.

குரங்குத் தலைவன் உப்புக்கட்டியை நக்கிக்கொண்டே, "காவலா? யாருக்கு?" என்றான்.

"எனக்குத்தான், ஐயா. நான் திரும்பிப் போக வேண்டுமே?"

"நாங்கள் உனக்கா காவல் வந்தோம்? உப்புக்கு வந்தோம். உப்புதான் வந்து சேர்ந்துவிட்டதே!"

கூட்டம் முழுவதும் சிரித்தது. கழுதை தனியே இறங்கியது.

கொள்ளின் மணம் விடாமல் வந்தது. 'தின்றால் மிஞ்சாது, தின்றால் மிஞ்சாது' என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அது நடந்தது. பள்ளத்தாக்கை நெருங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பாறைகளின் நிழல்கள் வழியை மூடியிருந்தன.

அதன் குளம்பொலி எதிரொலித்தது. அந்த எதிரொலியோடு வேறோர் அடியும் கேட்டது. கழுதை நின்றது. அந்த அடியும் நின்றது. கழுதை நடந்தது. அந்த அடியும் நடந்தது.

"போகும்போது ஊர்வலமாய்ப் போனாயே, மாப்பிள்ளை!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "உன் உறவினர்கள் எங்கே?"

அது கழுதைப்புலி. கழுதை ஓட முயன்றது, பட்டினி கிடந்த கால்கள் ஓட மறுத்தன. கழுதைப்புலி பாய்ந்தது. அதன் பற்கள் முதலில் கவ்வியது கோணியை. கோணி கிழிந்தது, கொள்ளு முழுவதும் அதன் வாயிலும் மூக்கிலும் கொட்டியது. அது இருமித் தும்மிக் கண்ணைத் தேய்த்தது. அந்தச் சிறு இடைவெளியில், தன்னிடம் இல்லாத வலிமையை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டு கழுதை ஓடியது. அதற்குள் கழுதைப்புலியின் நகங்கள் அதன் பின்தொடையைக் கிழித்திருந்தன.

மறுநாள் நண்பகலில் கழுதை இலுப்பை மரத்தடியை வந்தடைந்தது. கொள்ளில் ஒரு மணியும் மிஞ்சவில்லை. புண் ஆற ஆடி மாதம் ஆயிற்று. அதுவரை மரத்தடியை விட்டு நகர முடியாமல் சருகு தின்றே உயிர் பிழைத்திருந்தது. இதற்கிடையில் வைகாசியில் மழை பெய்தது. எருதுக்கு இரண்டு படிக் கூலியில் சுமை கிடைத்தது. திரும்பும் வழிக்கும் வேறொரு சுமை கிடைத்தது. நரி அடுத்த காட்டுக்குச் சென்று, கோவேறு கழுதை ஒன்றை அரைப்படிக் கூலிக்கு அமர்த்தியது. அது உப்போடு மலையேறியதைப் பலர் கண்டனர். அது திரும்பி வந்ததை எவரும் காணவில்லை.

நீதி: அச்சத்தால் குறைந்த கூலிக்கு உடன்படாதே, போகும் வழியோடு திரும்பும் வழியையும் கணக்கிட்ட பின்னரே சுமையை ஏற்றுக்கொள்.