பச்சை விளக்குக்கு எங்கிருந்து கம்பி?

“விளக்கு பச்சையா எரியுது டாக்டர். ரயில் மட்டும் வேற பாதையில போகுது” என்று முறையிட்டார் ஆவுடையப்பன்.

போத்தனூரில் பல் மருத்துவர் பிலோமினாவின் வீட்டு மாடியில் ஒரு குட்டி ரயில் நிலையம் இருந்தது. பொம்மை ரயில் என்று அவர் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. சனிக்கிழமை மதியம் க்ளினிக்கைப் பூட்டிவிட்டு, ஆசையோடு வருகிறவர்களுக்கு அவர் அங்கே குட்டி ரயில்களைக் கட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

வந்தவர்களில் ஆவுடையப்பன்தான் மூத்தவர். டாக்டரைவிடப் பதினைந்து வயது பெரியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். “ஒயரைத் தொடாதீங்க சார்” என்றால் முதலில் அதைத்தான் தொடுவார். டாக்டருக்கு அவர்மேல் தனிப் பிரியம்.

அடுத்த வாரம் ஆவுடையப்பன் போத்தனூர் வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியோடு சொந்த ஊரான இலஞ்சிக்கே போகப் போகிறார். அதற்குள் ஒரு தடவையாவது தன் ரயிலைப் பிளாட்பாரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

அன்றைக்கு மனைவி செண்பகமும் கூட வந்திருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்காவுக்கும் ஊருக்குப் போறதுல இஷ்டம்தானுங்களா?” டாக்டர் தணிந்த குரலில் கேட்டார்.

“கேட்டுட்டேனே. ‘இலஞ்சிக்கே போயிடலாம், அதுதானே நல்லது’ன்னேன். சரின்னுட்டா.”

டாக்டர் மேசைப் பக்கம் திரும்பினார். “ரயிலை விடுங்க, பாக்கலாம்” என்றார்.

தண்டவாளத்தைப் பிளாட்பாரப் பக்கம் திருப்பும் சுவிட்சை ஆவுடையப்பன் தட்டினார். பாதை சரி என்று பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு ரயில் வந்தது, பிளாட்பாரத்தைக் கண்டுகொள்ளாமல் ஷெட்டுப் பக்கம் திரும்பி, சுவரில் போய் முட்டிக்கொண்டது.

“மோட்டார் போச்சு. புதுசு போட்டுடலாமா?” என்றார் ஆவுடையப்பன்.

டாக்டர் குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டார். தண்டவாளத்தை நகர்த்தும் குட்டி மோட்டாரை அப்படியே கழற்றி எடுத்து, ஆவுடையப்பனின் உள்ளங்கையில் வைத்தார்.

“இப்பத் தட்டுங்க.”

“மோட்டாரே என் கையில இருக்கே.”

“தட்டுங்க சார்.”

தட்டினார். பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது.

ஆவுடையப்பன் விளக்கைப் பார்த்தார். கையிலிருந்த மோட்டாரைப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

“விளக்குக்குக் கம்பி எங்கிருந்து எடுத்தீங்க?”

“சுவிட்சுல இருந்துதான். அதுதான் கைக்குப் பக்கமா இருந்துச்சு.”

“அப்ப இந்த விளக்கு உங்களுக்கு என்ன சொல்லுது?”

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை இப்படி நிற்கவைத்தவர், இப்போது தானே நின்றார்.

“நான் சுவிட்சைத் தட்டுனேன்னு சொல்லுது” என்றார். “வேற எதுவும் அதுக்குத் தெரியாது.”

“அது எனக்கும் தெரியுமே. உங்க பக்கத்துலதானே நிக்கறேன்.”

செல்லக் கோபத்தோடு டாக்டரை முறைத்துவிட்டு வேலையில் இறங்கினார். மோட்டாரை மாட்டினார். சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போன கம்பியை வெட்டி எறிந்தார். தண்டவாளம் நகர்ந்து வந்து ஒட்டும் இடத்தில் ஒரு சின்னத் தகட்டை வைத்து, அங்கிருந்து விளக்குக்குப் புதுக் கம்பியை இழுத்துப் பற்றவைத்தார். விரலைச் சுட்டுக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

சுவிட்சைத் தட்டினார்.

விளக்கு எரியவில்லை.

“எரியல. தண்டவாளம் வந்து ஒட்டலைன்னு சொல்லுது” என்றார், ஏதோ பரிசு வாங்கியவர்போல.

டாக்டர் கோட்டுப் பையிலிருந்து பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். ஆவுடையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் இடுக்கில் அதைச் சாய்த்துப் பார்த்தார். கடுகளவு ஜல்லி ஒன்று அங்கே மாட்டிக்கிடந்தது. தண்டவாளம் பாவம், பாதி வழி வந்து நின்றிருந்தது.

“இத்தனை நாளா இங்கேயேவா கிடந்துச்சு?”

“நீங்கதான் குனியவே இல்லையே சார்.”

ஊசியால் ஜல்லியை எடுத்துப் போட்டார். தண்டவாளம் நகர்ந்து ஒட்டியது. அதற்குப் பிறகுதான் பச்சை எரிந்தது. ரயில் நிதானமாகப் பிளாட்பாரத்துக்குள் வந்து நின்றது.

சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. “செண்பகம், பாத்தியா, நல்லாருக்குல்ல?” என்று திரும்பினார்.

“நல்லாருக்கு” என்றாள் செண்பகம். அவள் இன்னும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே யாரோ ஒரு பெண் இவளைக் கண்டுவிட்டுக் கை ஆட்டினாள். செண்பகமும் கையைத் தூக்கினாள், தூக்கிய கையை இறக்க மறந்து அப்படியே இருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆவுடையப்பன் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஏதோ ஒரு பெட்டியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன் ரயிலை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். செண்பகத்தின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

“உனக்கு எங்க இருக்கணும்னு இருக்கு?”

செண்பகம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க. சொல்லி முடிக்க நேரமாகும்.”