நூல் பிடித்த மஞ்சள் கோடு

சங்ககிரியில் ஒரு லாரி பெயின்ட் பட்டறை. அங்கே கோடு போடக் கற்றுக்கொள்ள செங்கமலம் சேர்ந்து இரண்டே மாதம். அன்று மேஸ்திரி லீவு. லாரி ஓனர் நல்லசிவம், வண்டியை விலைக்குக் கேட்ட ஆத்தூர்க்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்லசிவத்துக்கு முன்னால் அவர் சத்தம் வந்தது.

"பொம்பளையா கோடு போடறே? சரி, போடு. டேப் ஒட்டக் கூடாது. முன்னாலிருந்து பின்னால வரைக்கும் நூல் பிடிச்ச மாதிரி இருக்கணும். கோணுச்சுன்னா உன் முந்தானையாலேயே துடைச்சுட்டு வீட்டுக்குக் கிளம்பு!"

"ஆகட்டுங்க. நூலே பிடிச்சுடறேனுங்க."

லாரி பாடியின் இரண்டு முனையிலும், அடிச்சட்டத்துக்கு நாலு விரல் மேலே நூலை இழுத்துக் கட்டினாள். சாக்பீஸ் பொடி தடவிச் சுண்டினாள். விழுந்த வெள்ளைத் தடத்தின் மேல், சுண்டுவிரலை ஊன்றி, மூச்சை அடக்கி மஞ்சள் கோட்டை இழுத்து முடித்தாள்.

நல்லசிவம் குதித்தார். "சட்டத்துக்கும் கோட்டுக்கும் முனையில நாலு விரல் இடைவெளி, நடுவுல ஆறு விரல்! துடை!"

செங்கமலம் நூலை மறுபடி கட்டினாள். கோடு அதைவிட்டு இம்மியும் விலகவில்லை.

"கோடு நேராத்தானுங்க இருக்கு. சட்டம்தான் நடுவுல தொங்குது."

ஆத்தூர்க்காரர் குனிந்து பார்த்தார். "ஓவர்லோடே ஏத்தினதில்லைன்னு சத்தியம் பண்ணினீங்களே?"

நல்லசிவத்துக்கு வியர்த்துவிட்டது. அவள் பக்கம் வந்து கிசுகிசுத்தார். "அம்மணி, அழிச்சுட்டு சட்டத்தோட வளைவுக்கே போட்டுக் குடு. மேஸ்திரி அப்படித்தான் போடுவாரு."

அவள் பிரஷ்ஷைத் தின்னரில் அலசிக்கொண்டே, பட்டறைக்கே கேட்கும்படி சொன்னாள்:

"வளைச்சுப் போட நான் இன்னும் கத்துக்கலீங்க."