மூலைக்கு மூலை எவ்வளவு?

அரண்மனையில் கத்தி தீட்டும் சத்தம் ஓயவேயில்லை. கோயில் வேலைக்கு வந்த கல்தச்சர்களிடம், பக்கத்துக்கு ஒரு கோல் அளவுள்ள சதுரக் கல்லைக் காட்டினார் கணிதப் புலவர் மார்த்தாண்டர்.

"மூலைக்கு மூலை எத்தனை கோல்? துல்லியமான பின்னமாகச் சொல்லணும். தப்பினால் கட்டைவிரல் போகும்!"

"ஒன்றும் ஐந்தில் இரண்டும்" என்றவனுக்கு, அவன் சொன்ன அளவுக்கு வெட்டிய கயிறு மூலையை எட்டாமல் குறைந்தது, விரல் போனது. "ஒன்றும் ஏழில் மூன்றும்" என்றவனுக்குக் கூடியது. அவன் விரலும் போனது.

அடுத்து, கல்தச்சர்களில் ஒருத்தியான வெள்ளைச்சியின் முறை. அவள் அரியணையில் இருந்த ராசாவைக் கும்பிட்டாள்.

"ராசா, என் விடையை ஒப்பிட்டுப் பார்க்க, புலவரய்யா முதலில் சரியான விடையை எழுதட்டும். அவர் தப்பினாலும் இதே தண்டனைதானே?"

"ஆமாம்" என்றான் ராசா.

புலவர் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். ஓலைக்கட்டே தீர்ந்தது. கத்தி நெருங்கியதும் கட்டைவிரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"மன்னா, அதற்குப் பின்னமே கிடையாது!"

விரல் போன இருவரும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.