ஊத்துமடைச் சந்தையைப் பெயர்த்த ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்மலை நாட்டைக் கோச்சேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் தோன்றியது மாலைக்குள் நடந்துவிட வேண்டும் அவனுக்கு.

ஒருநாள் வெளிதேசத்துத் தூதர் ஒருவர், "தங்கள் நாட்டில் என் மனசுக்குப் பிடித்த இடம் ஊத்துமடைதான்" என்று சபையில் சொல்லிவிட்டார். ராஜாவின் முகம் சுருங்கியது. ஊத்துமடை, மலைக்கணவாய் முடிகிற இடத்தில் இருக்கும் சின்னஞ்சிறு சந்தையூர்.

பொறாமைக்காரரான மந்திரி மாதேவராயர் எழுந்தார். "தலைநகருக்கு இல்லாத பெருமை ஒரு பட்டிக்காட்டுக்கா? அந்தச் சந்தையையும் சோற்றுக்கடைகளையும் சட்டிபானையோடு இங்கே கொண்டுவந்துவிடலாம், மகாராஜா."

"அடுத்த சந்தை இங்கேதான்!" என்று ராஜா உத்தரவு போட்டான்.

ஊர் சார்பில் வேலாத்தா வந்தாள். ஊத்துமடையில் சோற்றுக்கடை வைத்திருப்பவள். கெஞ்சிப் பயனில்லை என்பது ராஜாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்தது.

"ஊரையே காலி செய்கிறோம், மகாராஜா. ஒரே விண்ணப்பம். எங்கள் சோற்றின் ருசி கணவாயைக் கடந்து வருகிறவர்களுக்குத்தான் தெரியும். தாங்களும் ராயரும் அந்த வழியாகவே நடந்து வந்து, தலைநகர்ச் சந்தையில் முதல் இலையில் உட்கார வேண்டும்."

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. ராயரும் வேறு வழியின்றித் தலையாட்டினார்.

இருவரும் வழிப்போக்கர் வேடத்தில் மலைக்கு அந்தப் பக்கமிருந்து நடந்தார்கள். இரண்டு நாள் நடை. நிழல் இல்லை, சுனை இல்லை. ஒரு வளையல் வியாபாரியும் அவருடைய சின்ன மகளும் வழியில் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் நாள் நடுப்பகலில் எல்லாருடைய தண்ணீரும் தீர்ந்தது.

"இதோ வந்துவிட்டது தாயி, ஊத்துமடை" என்று வியாபாரி மகளைத் தூக்கிக்கொண்டார்.

ஊர் வந்தது. ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. கிணற்றில் தண்ணீர் மின்னியது. கயிறும் இல்லை, குடமும் இல்லை.

"எல்லாரும் எங்கே போய்விட்டார்கள்?" என்று வியாபாரி கேட்டார். அதற்குள் சிறுமி கிணற்றடியில் சுருண்டு விழுந்தாள்.

ராஜா தலைப்பாகையை அவிழ்த்துச் சுரைக்குடுவையில் கட்டி இறக்கினான். எட்டவில்லை. ராயரின் மேலாடையையும் பிடுங்கி முடிந்தான். அப்போதும் எட்டவில்லை.

ஊருக்கு வெளியே தோப்பில் காத்திருந்த வேலாத்தா கயிறும் குடமுமாக ஓடிவந்தாள். நீர் இறைத்துச் சிறுமியின் உதட்டை நனைத்தாள். பிள்ளை கண் திறந்த பிறகே ராஜா பக்கம் திரும்பினாள்.

"மகாராஜா, இவள் ஊரைவிட்டுப் போகவில்லை. உத்தரவை மீறிவிட்டாள்!" என்றார் ராயர்.

"முதலில் தண்ணீரைக் குடியும், ராயரே. குடித்துவிட்டு இதையே சொல்லும்" என்றான் ராஜா.

ராயர் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு கை ஏந்தினார்.

வேலாத்தா கைகூப்பினாள். "சந்தையைக் கொண்டுபோகலாம், மகாராஜா. இந்தக் கணவாயை எங்கே கொண்டுபோவது? எங்கள் பிழைப்பு இந்த வழியில் வருகிறவர்களால். அவர்கள் உயிர் எங்களால். அது தங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் நடக்கச் சொன்னேன். கூடவே ஒரு குழந்தை வரும் என்று நினைக்கவில்லை. அதற்கு என்ன தண்டனையும் கொடுங்கள்."

"தப்பு என்னுடையது, அம்மா" என்றான் ராஜா.

அந்த வாரமே ஊர் திரும்பியது. கணவாய் வழியைக் காக்கும் அதிகாரத்தை ராஜா வேலாத்தாவிடம் கொடுத்தான். ராயர் ஓராண்டு அந்தக் கிணற்றில் வழிப்போக்கர்களுக்கு நீர் இறைக்க வேண்டும் என்று உத்தரவானது. முதல் சில வாரம் யார் முகத்தையும் பாராமல் இறைத்தார். பிறகு, "எந்த ஊர்? எத்தனை நாள் நடை?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

ஓராண்டு முடிந்து பல்லக்கு வந்தது. ராயர் அதைக் காலியாகவே திருப்பி அனுப்பிவிட்டார்.